வக்கீல் அமர்ந்த நாற்காலிகள்

செட்டிநாட்டு வரலாற்றுத் தொடர் – 23

சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் என்று பெயரைச் சொன்னதும் காரைக்குடிப் பக்கம் முதலில் வரும் கேள்வி, "எந்தக் கோயில்?" என்பதுதான். இளையாற்றங்குடியா, மாத்தூரா, பிள்ளையார்பட்டியா என்று கேட்பார்கள். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் எதிலும் அவருக்குப் புள்ளி, அதாவது உறுப்புரிமை, கிடையாது. அவர் நகரத்தார் அல்லர். 1892 அக்டோபர் 17-இல் கோயம்புத்தூரில் ஒரு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். அப்படியிருந்தும் செட்டிநாட்டு வரலாற்றில் அவருக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்காமல் மேலே நகர முடியாது. நம் பக்கத்துப் பணமும் தமிழும் எங்கெங்கே பேச்சுக்கு வந்தனவோ, அங்கெல்லாம் 1930-க்கும் 1953-க்கும் இடையே இந்த மனிதர் ஏதோ ஒரு நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்.

சென்ற இதழில் பர்மா வயல்களைப் பார்த்தோம். 1930-இல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் நகரத்தார் கைக்கு வந்திருந்த நிலம் சுமார் 6 சதவீதம். நெல் விலை விழுந்து, கடன் வாங்கியவர்கள் வட்டியும் கட்ட முடியாமல் நிலத்தை எழுதிக் கொடுக்க, 1937-38-இல் அது 25 சதவீதமாயிற்று. லேவாதேவி செய்யப் போனவர்கள் விரும்பாமலே நிலச்சுவான்தாரர் ஆனார்கள். 1937 ஏப்ரல் 1-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. அதே ஆண்டு பிப்ரவரி 10-இல்தான் கானாடுகாத்தான் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்திருந்தார். இனி நம்மவர் பாடு மாகாண அரசோடு முடிவதில்லை. டெல்லியிலும் லண்டனிலும் வாதாட ஆள் வேண்டியிருந்தது. அப்படி வாதாடும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்த தமிழர்களில் முதல் வரிசையில் நின்றவர் கோவைக்காரர்.

சண்முகம் செட்டியார் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தார். சட்டக் கல்லூரியில் பட்டம் பெற்று வக்கீலானார். கருப்பு அங்கியோடு நெடுநாள் நிற்கவில்லை. 1917-இல் கோவை நகராட்சியின் துணைத் தலைவர். 1920-இல் சென்னை சட்டமன்றம். 1924 முதல் டெல்லியில் மத்திய சட்டசபை. அங்கே சுயராஜ்யக் கட்சி வரிசையில் மோதிலால் நேருவோடு அமர்ந்தவர், பிறகு அந்த வரிசையை விட்டு விலகி நீதிக்கட்சிப் பக்கம் சாய்ந்தார். சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டுக்காக ஜெனீவாவுக்குப் போய் வந்தார். 1931-இல் மத்திய சட்டசபையின் துணைத் தலைவர், 1933-இல் தலைவர். விட்டல்பாய் படேல் அமர்ந்து பேர் வாங்கிய நாற்காலி அது. தமிழ்நாட்டிலிருந்து போய் அதில் அமர்ந்தவர் இவர். அந்த ஆண்டே 'சர்' பட்டமும் வந்தது.

இந்த ஏற்றத்துக்கு நடுவே 1932-இல் கனடாவின் ஓட்டாவாவில் பிரிட்டிஷ் பேரரசின் பொருளாதார மாநாடு நடந்தது. சர் அதுல் சட்டர்ஜி தலைமையில் போன இந்தியக் குழுவில் சண்முகம் செட்டியார் ஓர் உறுப்பினர். பேரரசுக்குள் இருக்கும் நாடுகள் ஒன்றின் சரக்குக்கு மற்றொன்று சுங்கத்தில் சலுகை தர வேண்டும் என்பது அங்கே எழுந்த ஒப்பந்தம். இங்கிலாந்தின் சரக்கு இங்கே மலிவாக நுழையும், நம் தொழில் நசுங்கும் என்று காங்கிரஸ்காரர்கள் கொதித்தார்கள். உலகச் சந்தை படுத்துக் கிடக்கும்போது நம் விளைபொருளுக்கு நிச்சயமான ஒரு சந்தையாவது வேண்டாமா என்று இவர் தரப்பு கேட்டது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் 1934 தேர்தலில் வாக்காளர்கள் ஒரு பக்க நியாயத்தை மட்டும் கேட்டார்கள். காங்கிரஸ் வேட்பாளரிடம் சண்முகம் செட்டியார் தோற்றார். சபைத் தலைவராக இருந்தவருக்குச் சபையில் இடமே இல்லாமல் போயிற்று.

அவர் வாழ்க்கை திரும்பிய இடம் இதுதான். வாக்குக் கேட்டு வென்ற மனிதருக்கு இனி வந்த பெரிய பதவிகள் எல்லாம் யாரோ அழைத்துக் கொடுத்தவை. வக்கீல் அலுவலகத்துக்குக் கட்சிக்காரர் தேடி வருவதுபோல் அரசாங்கங்கள் அவரைத் தேடி வந்தன. முதலில் வந்தவர் கொச்சி மகாராஜா.

1935-இல் சண்முகம் செட்டியார் கொச்சி திவான் ஆனார். ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் 1920-இல் வந்து கொச்சிக் காயலைத் தோண்டும் திட்டத்தில் இறங்கியிருந்தார். அள்ளிய மண்ணை ஒரே இடத்தில் கொட்டி வில்லிங்டன் தீவையே உண்டாக்கினார்கள். 1928 மே மாதம் முதல் கப்பல் உள்ளே வந்தது. துறைமுகம் ஒன்று, அதில் உரிமை கேட்பவர்களோ மூன்று பேர்: கொச்சி, திருவிதாங்கூர், சென்னை மாகாணம். சுங்க வருமானத்தை எப்படிப் பங்கு போடுவது என்பது சாதாரண வழக்கல்ல. 1936-இல் அது பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டு இந்திய அரசின் பொறுப்புக்குப் போனபோது, கொச்சியின் திவான் கணக்கும் சட்டமும் ஒருசேரத் தெரிந்த மனிதராக இருந்தது அந்தச் சின்ன ராஜ்யத்துக்கு நல்லதாகப் போயிற்று. எர்ணாகுளத்தில் காயலோரம் நடப்பவர்கள் கால் வைக்கும் சாலைக்கு இன்றும் சண்முகம் ரோடு என்றுதான் பெயர்.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் அங்கே கிளை விட்டது. கோட்டையூர் ராம. அழகப்பச் செட்டியாரும் வக்கீலுக்குப் படித்தவர்தான். சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்து, லண்டன் மிடில் டெம்பிளில் பாரிஸ்டர் ஆனவர். அவர் நீதிமன்றத்தையும் நாடவில்லை, அரசு நாற்காலியையும் நாடவில்லை. 1937-இல் திருச்சூருக்குத் தெற்கே கொச்சி ராஜ்யத்து மண்ணில் நூல் மில் ஒன்றை எழுப்பினார். அந்த இடம் இன்று அழகப்பநகர். அப்போது அந்த ராஜ்யத்தின் திவான் சண்முகம் செட்டியார். மில் தொழில் கோவைக்காரருக்குக் கைவந்த கலை, முதல் போடுவது கோட்டையூர்க்காரருக்குக் கைவந்த கலை. இருவரும் வேறு வேறு வாசல் வழியாக அந்த மண்ணுக்குள் நுழைந்தார்கள்.

திவான் பதவியில் அவர் செய்தது எல்லாம் சரி என்று எழுத என்னால் முடியாது. 1936-இல் திருச்சூர் நகரத்துக்கு மின்சாரம் வழங்கும் உரிமையை அவருடைய அரசு தனியார் கையில் கொடுத்தது. ஊரே திரண்டு எதிர்த்தது. இக்கண்ட வாரியர், டாக்டர் ஏ.ஆர். மேனன் போன்றவர்கள் முன்னின்றார்கள். சாதி மத பேதமில்லாமல் வியாபாரிகளும் வக்கீல்களும் தெருவுக்கு வந்தார்கள். அரசு இறங்கி வரவில்லை. சட்டப்படி உத்தரவு செல்லும் என்றால் அதோடு பேச்சு முடிந்தது என்று நினைப்பது வக்கீலின் குணம். மக்களின் மனம் அந்த இடத்தில் முடிவதில்லை. கொச்சி மக்களின் அரசியல் விழிப்பு அந்த மின்சாரப் போராட்டத்திலிருந்துதான் தொடங்கியது என்று கேரள வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

அதே திவான் இரண்டே ஆண்டில் செய்தது வேறு. 1938-இல் கொச்சியில் இரட்டை ஆட்சி வந்தது. சில துறைகளைச் சட்டசபைக்குப் பதில் சொல்லும் ஓர் அமைச்சரிடம் ஒப்படைத்தார்கள். சமஸ்தானம் ஒன்றில் மக்கள் பிரதிநிதிக்கு இப்படி ஆட்சியில் பங்கு தந்தது இந்தியாவிலேயே முதல்முறை. முதல் அமைச்சர் அம்பாட்டு சிவராம மேனன். சில வாரங்களில் அவர் இறந்துவிட, அந்த இடத்துக்கு வந்தவர் மின்சாரப் போராட்டத்தில் திவானை எதிர்த்து நின்ற அதே ஏ.ஆர். மேனன். எதிர்த்தவரைப் பக்கத்தில் அமர்த்தி வேலை பார்க்கும் பக்குவம் திவானுக்கு வந்திருந்தது. பக்கத்தில் திருவிதாங்கூரில் இன்னொரு தமிழ் வக்கீல், சர் சி.பி. ராமசாமி ஐயர், திவானாக இருந்தார். அங்கே மக்கள் பிரதிநிதிகளுக்கு அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை. இருவரையும் ஒப்பிட்டால் சண்முகம் செட்டியாருக்கே என் கை உயரும்.

1941-இல் கொச்சியை விட்டார். போர்க்காலம். இந்திய அரசு அமெரிக்காவில் கொள்முதல் செய்ய அமைத்த குழுவுக்குத் தலைவராக வாஷிங்டன் போனார். 1944 ஜூலையில் நியூ ஹாம்ப்ஷயர் மலைப்பகுதியில், பிரெட்டன் வுட்ஸ் என்ற ஊரின் ஹோட்டலில், 44 நாடுகள் கூடின. போருக்குப் பிறகு உலகத்தின் பணம் எப்படி ஓட வேண்டும் என்று மூன்று வாரம் பேசி, சர்வதேச நிதியத்தையும் உலக வங்கியையும் உருவாக்கின. இந்தியக் குழுவில் நிதி உறுப்பினர் ஜெரமி ரைஸ்மன், ரிசர்வ் வங்கி ஆளுநர் சி.டி. தேஷ்முக், தியடோர் கிரிகரி, பம்பாய் ஏ.டி. ஷ்ராஃப், சண்முகம் செட்டியார் ஆகியோர் இருந்தார்கள்.

அந்த மேசையில் ஜப்பான் பிடியில் இருந்த பிலிப்பைன்ஸுக்குக்கூட ஒரு நாற்காலி இருந்தது. அதே ஜப்பான் பிடியில் இருந்த பர்மாவுக்கு இல்லை. ரங்கூனிலும் மோல்மீனிலும் பெட்டியடியை அப்படியே போட்டுவிட்டு 1942-இல் நடந்தும் கப்பலேறியும் ஊர் திரும்பிய நம்மவர் பணம் எந்தக் கணக்கிலும் ஏறாமல் கிடந்தது. இந்தியக் குழு எழுப்பிய பெரிய கேள்வி வேறு. போருக்காக இந்தியா கொடுத்த சரக்குக்கும் சேவைக்கும் பிரிட்டன் ரொக்கம் தரவில்லை. லண்டனில் ஸ்டெர்லிங்காகக் கடன் எழுதி வைத்துக்கொண்டே வந்தது. வங்காளத்தில் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்த ஆண்டிலும் அந்தக் கணக்கு ஏறிக்கொண்டே இருந்தது. அதை எப்போது, எந்த நாணயத்தில் திருப்பித் தருவீர்கள் என்று ஷ்ராஃப் உரக்கக் கேட்டார். அது பிரிட்டனும் இந்தியாவும் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் என்று பிரிட்டிஷ் குழுவின் தலைவர் கீன்ஸ் ஒதுக்கிவிட்டார். பின்தங்கிய நாடுகளின் வளர்ச்சியையும் நிதியத்தின் நோக்கங்களில் சேர்க்க வேண்டும் என்று இந்தியா கேட்டதும் எடுபடவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் திரும்பிய அந்தக் குழுவில் ஒருவரே நான்கு ஆண்டுக்குப் பிறகு அதே கணக்கைத் தீர்க்க லண்டன் போகவேண்டி வந்தது.

1947 ஆகஸ்டு 15-இல் சுதந்திர இந்தியாவின் முதல் அமைச்சரவையில் நிதி அமைச்சராகச் சண்முகம் செட்டியார் பெயர் வந்தபோது வியந்தவர்கள் அதிகம். காங்கிரஸை எதிர்த்தவர், காங்கிரஸிடம் தோற்றவர், ஆங்கிலேயர் கொடுத்த பட்டத்தைச் சுமந்தவர். அம்பேத்கர், சியாமா பிரசாத் முகர்ஜி போலக் கட்சிக்கு வெளியிலிருந்து அழைக்கப்பட்டவர்களில் இவரும் ஒருவர். காலம் அப்படி. கணக்குத் தெரிந்த ஆள் தேவை. பழைய பகையைப் பார்க்க நேரமில்லை.

நவம்பர் 26-இல் சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை அவர் படித்தார். ஏழரை மாதத்துக்கான கணக்கு: ஆகஸ்டு 15 முதல் அடுத்த மார்ச் 31 வரை. வரவு 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி, துண்டு 26.24 கோடி. செலவில் கிட்டத்தட்டப் பாதி, 92.74 கோடி, ராணுவத்துக்கு. பஞ்சாபிலிருந்து அகதிகள் ரயில் ரயிலாக வந்துகொண்டிருந்த நேரம் அது. வெளியே உணவுத் தட்டுப்பாடு, உள்ளே பிரிவினைக் கலவரம், காஷ்மீரில் போர். இந்த நிலையில் எழுதிய ஐந்தொகை அது. நம் பக்கத்துக் கணக்கப்பிள்ளை யாரிடமாவது அந்தத் தாளைக் காட்டியிருந்தால், துண்டு விழுந்ததைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார். இவ்வளவோடு நின்றதே என்றிருப்பார்.

அதைவிடக் கடினமான கணக்கு ஒன்று இருந்தது. பிரிவினையின்போது அரசின் கையிருப்பு சுமார் 400 கோடி. அதில் 75 கோடி பாகிஸ்தானுக்கு என்று பேசி முடிந்தது. 20 கோடி முதலிலேயே கொடுக்கப்பட்டது. மீதி 55 கோடியைக் காஷ்மீர்ப் பிரச்சினை தீரும்வரை கொடுக்க முடியாது என்று இந்திய அரசு நிறுத்தி வைத்தது. அந்த முடிவை வல்லபாய் படேலோடு சேர்ந்து வெளியில் விளக்கியவர் நிதி அமைச்சர். 1948 ஜனவரி 13-இல் காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். இரண்டே நாளில் அமைச்சரவை முடிவை மாற்றியது. 55 கோடியைக் கொடுப்பதாக அறிவித்தது. ஜனவரி 30-இல் காந்தி கொல்லப்பட்டார். பேசிய பேச்சுக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட வேண்டும் என்பது வட்டிக்கடையின் முதல் தர்மம். காந்தி கேட்டதும் அதைத்தான். நிறுத்தி வைக்கும் முடிவில் சண்முகம் செட்டியாருக்கும் பங்கு இருந்தது, கொடுக்கும் முடிவிலும் பங்கு இருந்தது. இரண்டாவதுதான் நியாயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தொழில்களுக்கு நீண்டகாலக் கடன் தர இந்தியத் தொழில் நிதிக் கழகம் 1948 ஜூலை 1-இல் அவர் காலத்தில் பிறந்தது. ரிசர்வ் வங்கியை அரசுடைமையாக்கும் எண்ணமும் அவர் காலத்திலேயே வெளிவந்து, 1949 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இவற்றையெல்லாம் இன்று யாரும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்வதில்லை.

1948 கோடையில் பழைய ஸ்டெர்லிங் கடனைப் பேசித் தீர்க்க அவர் தலைமையில் குழு லண்டன் போனது. எதிரே பிரிட்டிஷ் நிதி அமைச்சர் ஸ்டாஃபர்ட் கிரிப்ஸ். ஜூலையில் உடன்பாடு முடிந்தது. பிரிட்டன் இந்தியாவில் விட்டுச்சென்ற ராணுவத் தளவாடங்களுக்கு 100 மில்லியன் பவுண்டு, ஓய்வுபெற்ற ஆங்கில அதிகாரிகளின் பென்ஷனுக்கு 168 மில்லியன் பவுண்டு என்று நம் இருப்பிலிருந்தே கழிக்கச் சம்மதித்தார். நம்மை ஆண்டவர்களின் பென்ஷனை நாமே முன்கூட்டிக் கட்ட வேண்டுமா என்று இங்கே பலர் கேட்டார்கள். கடன் கொடுத்தவன் பலவீனமானவனாகவும் கடன் வாங்கியவன் பலசாலியாகவும் இருந்தால் உடன்பாடு எப்படி அமையுமோ அப்படித்தான் அமைந்தது. பர்மாவில் அடிவாங்கிய செட்டிநாட்டுக்கு இது புதிய பாடமல்ல. ஒத்திக்கு வந்த நிலத்தை அரசே எடுத்துக்கொள்ளும் சட்டம் அங்கே அந்த ஆண்டு அக்டோபரிலேயே நிறைவேறியது.

லண்டனிலிருந்து திரும்பிச் சில வாரங்களில் அவருடைய பதவி போய்விட்டது. போர்க்காலத்தில் கொள்ளை லாபம் சேர்த்து வரி ஏய்த்தவர்களை விசாரிக்க 1947-இல் வருமான வரி விசாரணைக் கமிஷன் அமைந்திருந்தது. அதன் தலைவர் நீதிபதி வரதாச்சாரியார்; அவரும் சென்னையிலிருந்து போனவர். யார் யாருடைய கணக்குகளை விசாரணைக்கு அனுப்புவது என்று நிதி அமைச்சகம் பட்டியல் தயாரித்தது. பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டன. அவற்றில் கோவை மில் முதலாளிகளின் பெயர்களும் இருந்தன. அமைச்சர் கோவைக்காரர், மில் தொழிலோடு தொடர்புள்ள குடும்பம். சபையில் கேள்வி எழுந்தது, பத்திரிகைகளில் எழுந்தது. தம் அமைச்சகத்தில் நடந்ததற்குத் தாமே பொறுப்பு என்று 1948 ஆகஸ்டில் அவர் விலகினார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சர் ஓராண்டும் ஓரிரு நாளும்தான் பதவியில் இருந்தார். பிறகு அந்த இடத்துக்கு ஜான் மத்தாய் வந்தார்.

பெயர்களை நீக்கியதால் அவருக்குச் சொந்த லாபம் வந்தது என்று காட்டிய சான்று எதையும் நான் கண்டதில்லை. ஆனால் சொந்த ஊர்க்காரர்களின் பெயர் அடிபடும் கோப்பு தம் மேசைக்கு வந்தபோது ஒரு வக்கீலுக்கு உடனே தோன்றியிருக்க வேண்டியது ஒன்று உண்டு: இந்த வழக்கில் நான் இருக்கக் கூடாது. அது தோன்றாமல் போனதுதான் அவர் தவறு. விலகியது அவர் பெருமை. பின்னாளில் எத்தனையோ பெரிய புகார்களுக்கு நடுவில் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டவர்களைப் பார்த்த நாம் இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

இதுவரை சொன்னது அவர் கட்சிக்காரர்களுக்காக வாதாடிய கதை. அந்தக் கட்சிக்காரர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்: பேரரசு, மகாராஜா, இந்தியக் குடியரசாக மாறப்போகும் ஓர் அரசு. யாரும் பணிக்காமல், யாரும் பதவி தராமல் அவர் தாமாக எடுத்துக்கொண்ட வழக்கு ஒன்று உண்டு. செட்டிநாடு அவரை நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டியது அதற்காகத்தான்.

கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் பல்கலைக்கழகமும் இசைக் கல்லூரியும் நிறுவியவர். தமிழ்நாட்டுக் கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடாவாக மட்டும் வருவது அவர் மனத்தை உறுத்தியது. மூன்று மணி நேரக் கச்சேரி. கேட்பவர் தமிழர், பாடுபவரும் பெரும்பாலும் தமிழர். முக்கியப் பாட்டுகள் தெலுங்கு, சமஸ்கிருதம். தமிழில் புதிய பாடல்கள் எழுதவும் பழைய பாடல்களுக்குச் சுரம் அமைக்கவும் பணம் ஒதுக்கினார். 1941 ஆகஸ்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. அதன்பின் திருச்சி, தேவகோட்டை என்று ஊர் ஊராக மாநாடுகள். 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது.

எதிர்ப்பும் பலமாக எழுந்தது. இசைக்கு மொழி ஏது, தியாகராஜர் கீர்த்தனையைத் தள்ளிவிட்டா தமிழைப் பாடுவது, தரம் கெட்டுவிடாதா என்று சென்னையின் சபாக்களும் வித்வான்களில் பலரும் கேட்டார்கள். இந்த இடத்தில்தான் இயக்கத்துக்கு நல்ல வக்கீல் வேண்டியிருந்தது. ராஜா சர் பணம் கொடுத்தார், கல்கி எழுதினார், ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் ரசித்து ரசித்துப் பேசினார். சண்முகம் செட்டியார் வாதாடினார். மற்ற மொழிப் பாடல்களை யாரும் விரட்டவில்லை, தமிழ் மண்ணில் தமிழுக்கு முதலிடம் கேட்கிறோம், அவ்வளவுதான் என்பது அந்த வாதத்தின் சாரம். மேடை மேடையாக அதைச் சொன்னார். வாஷிங்டனும் பிரெட்டன் வுட்ஸும் போய் வந்த அதே ஆண்டுகளில்தான் இந்த வேலையும் நடந்தது என்பதை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

டி.கே.சி.யும் சட்டம் படித்தவரே. 1930 முதல் 1935 வரை இந்து சமய அறநிலைய வாரியத்தின் கமிஷனராக இருந்தவர். காரைக்குடியில் சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகத்தைத் தொடங்கி முதல் விழா எடுத்தபோது தலைமை தாங்கியவர் அவர்தான். வக்கீல்களும் அதிகாரிகளுமாக இருந்தவர்கள் தமிழுக்கு வேலை செய்ய இப்படி ஒரே காலத்தில் கூடினார்கள். கூடிய இடங்களில் செட்டிநாட்டு ஊர்கள் இத்தனை இருப்பது தற்செயல் இல்லை. விருந்தோம்ப வீடும், கேட்பதற்குக் கூட்டமும், செலவுக்குப் பணமும் இங்கே இருந்தன.

பதவி போன பிறகு பலர் புழுங்கிப்போவார்கள். சண்முகம் செட்டியாருக்குத் தமிழ் இருந்தது. சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதியவர் அவர். புகார் என்றால் காவிரிப்பூம்பட்டினம். நகரத்தார் தம் முன்னோர் அங்கிருந்துதான் பாண்டிநாட்டுக்கு வந்தார்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். கோவலன் வீட்டுத் திருமணமும் வணிகர் வீதியும் வரும் அந்தக் காண்டத்துக்கு, ஒன்பது கோயிலில் புள்ளி இல்லாத ஒரு செட்டியார் உரை எழுதியிருக்கிறார். பண்டிதர்களின் உரைநடையில் இருக்கும் முரடு அதில் இல்லை. படித்தவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குவது போன்ற உரை அது.

1953 மே மாதம் சண்முகம் செட்டியார் காலமானார். வயது 60. தமிழிசைச் சங்கத்துக்குச் சென்னையில் ராஜா அண்ணாமலை மன்றம் எழுந்துவிட்ட காலம் அது. பண் ஆராய்ச்சிக் கூட்டங்கள் ஆண்டுதோறும் நடக்கத் தொடங்கியிருந்தன.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தேவகோட்டை, காரைக்குடி, கானாடுகாத்தான் வீடுகளில் தமிழிசை மாநாட்டு அழைப்பிதழ்கள், நிகழ்ச்சி நிரல்கள், குழுப் படங்கள், கடிதங்கள் இன்னும் பெட்டிகளில் கிடக்கக்கூடும். வீட்டை இடிக்கும்போதோ விற்கும்போதோ அவை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போய், தேக்குக் கதவோடும் பீங்கான் தட்டோடும் எங்கோ போய்விடுகின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்கள் இன்று சென்னையில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழக நூலகம் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தாள் எதுவும் கிடைத்தால் கடைக்காரரிடம் கொடுப்பதற்கு முன் இந்த இரண்டு இடங்களில் ஒன்றுக்குத் தெரிவியுங்கள்.